அழாத பிள்ளை: கொழும்பு இல்லமொன்றில் பத்து மாதங்கள்

"இவன்தான் மிஸ் எங்கட நல்ல பிள்ளை, அழவே மாட்டான்." இல்லத்து மேற்றன் அவனை எனக்கு அப்படித்தான் காட்டினார். பதினொரு மாதம். தொட்டிலில் மல்லாந்து கிடந்து, வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் ஒரு தடவை என் பக்கம் வந்தது, என்னைத் தாண்டிக் கூரைக்குப் போனது, திரும்பவும் கைக்கே வந்துவிட்டது. பக்கத்துத் தொட்டில்களில் இரண்டு பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட எனக்குப் பயம் தந்தது இவன்தான்.

நான் உளசமூகப் பணியாளர். கொழும்பில் உள்ள சில சிறுவர் இல்லங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் போய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடும் அவர்களைப் பார்க்கிறவர்களோடும் வேலை செய்கிறேன். இது அந்த ஒரு பிள்ளையைப் பற்றியது. இல்லத்தின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் வராது, அடையாளம் தெரியக்கூடிய விபரங்கள் சிலதை மாற்றியிருக்கிறேன். இல்லத்தில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரியே அவனைத் தம்பி என்று எழுதுகிறேன். இல்லங்களில் வேலை செய்கிறவர்களும், பிறந்தநாளுக்கு அங்கே சாப்பாடு கொண்டுபோகிறவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எப்படி வந்தான்

அவனுடைய அம்மாவுக்கு அப்போது இருபது வயது. மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வீட்டில் நின்று வேலை செய்தவர். பிள்ளை பிறந்து மூன்றாவது கிழமை அந்தப் பெண்ணுக்கு நித்திரை இல்லாமல் போனது, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைக்குத் தான் ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து அவனைத் தொடவே மறுத்தார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற மனநோய் அது. அவரைப் பேய் பிடித்தது என்றவர்களும் இருந்தார்கள், பொறுப்பில்லாதவள் என்றவர்களும் இருந்தார்கள், இரண்டும் பொய். மருந்தும் ஓய்வும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சுகமாகிற நோய். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளையைப் பார்க்க உடனே யாரும் கிடைக்காததால், நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் நீதவானிடம் போய், கட்டளையோடு ஐந்து கிழமைக் குழந்தையாக இல்லத்துக்கு வந்தான். கோப்பில் 'தற்காலிகமாக' என்று எழுதியிருந்தது. நான் பார்க்கும்போது அந்தத் தற்காலிகம் கிட்டத்தட்டப் பத்து மாதம் ஆகியிருந்தது.

நம்முடைய ஆட்கள் இன்னும் 'அநாதை இல்லம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இலங்கையில் இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், வெளிநாட்டு வேலை, குடி, வீட்டுக்குள் அடிதடி, இப்படி ஏதோ ஒன்றுதான் பிள்ளையை உள்ளே கொண்டுவருகிறது. தம்பிக்கும் அம்மா இருந்தார். அம்மாவின் அக்கா ஒருவர் மட்டக்குளியிலேயே இருந்தார், இல்லத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடம், ஆனால் அது எங்களுக்குத் தெரிய வந்தது வெகு நாள் கழித்து. கோப்பில் உறவினர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கேட்டவர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார், அந்தத் தாய் அன்றைக்குத் தமிழில் கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் இருந்திருக்க மாட்டார், அதற்குப் பிறகு யாரும் திரும்பப் போய்க் கேட்கவில்லை.

அவன் எப்படி இருந்தான்

பதினொரு மாதத்தில் பிள்ளை தானாக உட்காரும், தவழும், சிலது பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும். தம்பியை உட்கார வைத்தால் பக்கவாட்டில் சரிந்தான். மல்லாந்தே கிடந்து பின்தலை தட்டையாகி, அந்த இடத்து மயிர் தேய்ந்துபோயிருந்தது. மாமா, பாபா, தாதா என்று சத்தங்களை அடுக்குகிற வயசு, இவனிடம் சத்தமே இல்லை. தூக்கக் குனிந்தால் கையை நீட்டமாட்டான். தூக்கினால் பலகை மாதிரி விறைப்பாக இருப்பான், தோளில் தலை சாயாது. நித்திரைக்கு முன்னால் தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டித் தன்னைத் தானே தூங்க வைத்துக்கொண்டான்.

யார் தூக்கினாலும் அவனுக்கு ஒன்றுதான், யார் இறக்கி வைத்தாலும் ஒன்றுதான். இதைத்தான் "எல்லாரிட்டயும் போவான்" என்று இல்லத்தில் மெச்சினார்கள். ஏழெட்டு மாதத்திலிருந்து பிள்ளை தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரிக்கத் தொடங்கும், புது ஆள் கை நீட்டினால் உதடு பிதுங்கும், தெரிந்தவரின் கழுத்துக்குள் முகத்தை ஒளிக்கும். பதினொரு மாதத்தில் ஒரு பிள்ளை எல்லோரிடமும் ஒரே மாதிரிப் போகிறது என்றால், அதற்குத் தெரிந்த முகம் என்று ஒன்று இன்னும் அமையவில்லை என்று நாங்கள் யோசிக்க வேண்டும்.

கிளினிக் கார்டில் ஊசிகள் எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன, ஒன்பதாம் மாதத்து எம்.எம்.ஆர். உட்பட. நிறைக் கோடுதான் ஆறாம் மாதத்துக்குப் பிறகு படுத்துவிட்டது. 7.1 கிலோ, நிறை குறைவு என்று காட்டுகிற செம்மஞ்சள் பகுதி. மிட்வைஃப் மிஸ் அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

முதலில் உடம்பைப் பார்த்தோம். என்னைப் போன்ற வேலையில் இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் மனசு என்றே பார்த்துவிடுகிற ஆபத்து உண்டு, காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது அல்லவா. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காது நன்றாகக் கேட்டது. தைரொயிட் சரி. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, அதற்கு மருந்து தந்தார்கள். அந்த மருந்தும் அவசியம்தான், ஆனால் ஒரு பிள்ளை அழாமல் போனதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பச்சைக் குழந்தையின் அழுகை ஒரு கூப்பிடுதல். கூப்பிட்டால் ஒருவர் வருகிறார், தூக்குகிறார், பசியோ ஈரமோ வலியோ தீர்கிறது. இது ஆயிரம் தடவை நடந்து நடந்துதான் பிள்ளைக்கு இந்த உலகத்தில் நான் கூப்பிட்டால் கேட்கும் என்ற நம்பிக்கை வருகிறது. கூப்பிட்டும் வராவிட்டால், அல்லது கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மணிக்கூட்டைப் பார்த்தே ஆள் வந்தால், ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை விட்டுவிடும். இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சாப்பாட்டுக்கும் சுத்தத்துக்கும் குறைவில்லாத இல்லத்துக் குழந்தைகள் வாடிப்போவதை ரெனே ஸ்பிட்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1945இலேயே எழுதினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் தன் அறிக்கையை எழுதியது 1951இல். எழுபது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த ஒரு விஷயம் கொழும்பில் ஒரு தொட்டிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு அன்று தாங்கமுடியாமல் இருந்தது.

நான் செய்த பிழை

அவ்வளவும் தெரிந்திருந்தும் நான் முதலில் செய்தது பிழை. விளையாட்டுச் சாமான் வாங்க வைத்தேன். தொட்டிலுக்கு மேலே நிறநிறமாகத் தொங்கவிட்டோம், தரையில் ஒரு தடித்த பாய் விரித்தோம். தினமும் இருபது நிமிடம் அவனோடு விளையாட ஒரு அட்டவணை எழுதி, அதற்குத் தன்னார்வமாக இரண்டு மாணவிகளையும் பிடித்தேன். நல்ல பிள்ளைகள், ஒருவர் விட்டு ஒருவர் ஒழுங்காக வந்தார்கள்.

ஐந்து கிழமை. ஒரு மாற்றமும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் மோசமானான், முகத்துக்குக் கிட்டப் போனால் இப்போது தலையைத் திருப்பிக்கொண்டான். மாணவிகளில் ஒருவர் என்னிடம் வந்து, "மிஸ், நான் வந்தாலும் போனாலும் அவனுக்கு ஒண்டும் இல்ல" என்று அழுதார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்கெனவே முகங்கள் அதிகமாகிப்போன ஒரு பிள்ளைக்கு நான் இன்னும் இரண்டு முகங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

சரி, அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முழுக்கப் பார்த்துவிடுவோம் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே போய், மூலையில் கதிரையைப் போட்டு, கொப்பியும் கையுமாகப் பின்னேரம் ஆறு மணிவரை உட்கார்ந்தேன். குழந்தைகள் அறையில் ஒன்பது பேர், பகலில் மூன்று அக்காமார். ஒருவர் ஒன்பது பேரையும் குளிப்பாட்டுவார், ஒருவர் ஒன்பது பேருக்கும் பால் கொடுப்பார், ஒருவர் ஒன்பது பேருக்கும் நெப்பி மாற்றுவார், மத்தியானத்துக்குப் பிறகு வேலைகளை மாற்றிக்கொள்வார்கள். இடையில் சமையல் அம்மா வந்து தூக்குவார், ஸ்கூல் விட்டு வந்த பெரிய பிள்ளைகள் தூக்குவார்கள். அன்றைக்கு ஒரு குடும்பம் மகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தது, அவர்களும் ஆளுக்கு ஆள் வாங்கித் தூக்கிப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் தம்பியைத் தொட்டவர்கள் பதினான்கு பேர். பால் போத்தலைச் சுருட்டிய துவாய் ஒன்றின் மேல் சாய்த்து வைத்து வாயில் கொடுத்திருந்தார்கள், போத்தல் நழுவினால் அவனுக்கு அன்றைய பால் அவ்வளவுதான். (படுத்த பிள்ளைக்கு இப்படி வைத்துப் பால் கொடுத்தால் புரைக்கேறி மூச்சே அடைத்துவிடலாம், காதில் கிருமியும் பிடிக்கும். தயவுசெய்து எங்கே கண்டாலும் நிறுத்துங்கள்.) குளிப்பு இரண்டரை நிமிடம். ஒருவர் அவனுடைய முகத்தைப் பார்த்து அவனோடு கதைத்த நேரத்தை எல்லாம் கூட்டினால் நான்கு நிமிடம் வந்தது.

அந்த அக்காமாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பன்னிரண்டு மணி நேரத்தில் அவர்கள் குந்தியிருந்ததை நான் காணவே இல்லை. ஒன்பது பிள்ளைகளும் சுத்தமாக இருந்தார்கள், வேளைக்குச் சாப்பிட்டார்கள். வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தில் வேலைகளுக்கு ஆள் இருந்தது, பிள்ளைக்கு ஆள் இல்லை.

டியூட்டி லிஸ்ட்

ஹங்கேரியின் புடாபெஸ்டில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946இல், யுத்தத்தில் ஆளில்லாமல் போன குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். பிள்ளைக்கென்று குறிப்பிட்ட ஆள், குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் ஆறுதலாக, பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி, அதன் ஒத்துழைப்போடு. பிள்ளைக்கும் பெரியவருக்கும் உறவு வளர்கிற நேரமே அந்த வேலைகள்தான் என்றார். தனியாக 'விளையாட்டு நேரம்' வைக்கப் போன எனக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

மேற்றனோடு உட்கார்ந்து டியூட்டி லிஸ்டைப் பிரித்துப் போட்டோம். மொத்தம் ஆறு அக்காமார், ஒன்பது பிள்ளைகள். மூன்று மூன்று பிள்ளைகளாக மூன்று குழு, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அக்கா. ஒருவர் லீவு என்றால் மற்றவர் கட்டாயம் பகலில் இருப்பார். தன்னுடைய மூன்று பேரையும் அவரே குளிப்பாட்டுவார், அவரே பால் கொடுப்பார், மடியில் வைத்துத்தான் கொடுப்பார், அவரே தூங்க வைப்பார். இரவுக்கு ஒருவர்தான், அதை ஆறு பேரும் பங்குபோட்டுக்கொண்டார்கள், இரவை இதைவிட நன்றாகச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை. ஒரு சதம் கூடுதல் செலவு இல்லை, புது ஆள் இல்லை. எழுத ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது, எல்லோரும் ஒத்துக்கொள்ள ஆறு கிழமை எடுத்தது.

மறுப்புகள் நியாயமானவைதான். ஒருவருடைய மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழுதால் என்ன செய்வது? ஒருவர் சும்மா இருக்க மற்றவர் ஓடிக்கொண்டிருந்தால் சண்டை வராதா? வந்தது. முதல் மாதம் இரண்டு தடவை மேற்றனின் அறையில் பஞ்சாயத்து நடந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பயம் வேறு. தம்பிக்கு வந்த அக்கா ஐம்பதைத் தாண்டியவர், களுத்துறைப் பக்கம், சிங்களம் மட்டும்தான் தெரியும், அந்த இல்லத்தில் பதினான்கு வருஷம் வேலை செய்தவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் குழந்தையைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தாராம், ஒரு நாள் லீவு முடிந்து வந்து பார்த்தால் தொட்டில் வெறுமையாக இருந்ததாம், தத்து கொடுத்தாயிற்று என்றார்களாம். "அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் கிட்டப் போறதில்ல மிஸ். கிட்டப் போகாதீங்க என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்ததும்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அடுத்த கிழமை போய் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு ஆளோடு ஒட்டிய பிள்ளைக்கு ஒட்டத் தெரியும், அந்த ஆளைப் பிரியும்போது அழும், துடிக்கும், ஆனால் கையைப் பிடித்து மெதுவாகக் கொடுத்தால் அடுத்தவரோடும் ஒட்டும். யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு அந்த வழியே பழக்கமில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னேன், இனி உங்களுக்குச் சொல்லாமல் ஒரு பிள்ளையும் இங்கிருந்து போகாது என்று. அதை மேற்றனிடம் எழுத்தில் வாங்கினேன். அந்த எழுத்து இல்லாமல் அந்த அக்கா இதற்கு வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மொழியும் ஒரு கேள்வி. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்தை விட்டுப் பிரிந்த பிள்ளையைப் பராமரிக்கும்போது அதன் இன, சமய, கலாசார, மொழிப் பின்னணியையும் கவனிக்கச் சொல்கிறது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், மலையகத்து அக்கா ஒருவரும் தெமட்டகொடை முஸ்லிம் அக்கா ஒருவரும். தம்பிக்கு இரண்டாவது ஆளாகத் தெமட்டகொடை அக்காவைப் போட்டோம். ஆக அவனுக்கு ஒரு நாள் சிங்களம், ஒரு நாள் தமிழ். 'அக்கா' என்ற சொல் மட்டும் இரண்டு மொழிக்கும் பொது. மொழியை விட அந்த நேரத்தில் ஆள் நிலையாக இருப்பது முக்கியம் என்று முடிவெடுத்தேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் தமிழ் தெரிந்த அக்காமார் நாலு பேர் அங்கே இருந்திருந்தால் இந்த முடிவே தேவைப்பட்டிருக்காது. இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

களுத்துறை அக்கா குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "இப்ப தூக்கப் போறேன்" என்று கையைக் காட்டி ஒரு நொடி நிற்பார். தண்ணீரை முதலில் பாதத்தில் தொட்டுக் காட்டுவார். முதல் மூன்று கிழமை அவன் பலகையாகவே இருந்தான். நான்காவது கிழமை ஒரு நாள் அவர் கையைக் காட்டி நின்றபோது, அவனுடைய தோள் இரண்டும் கொஞ்சம் மேலே எழும்பியதாம். கை நீட்டவில்லை, தோள் மட்டும். அதற்கு அவர் எனக்குப் போன் எடுத்தார்.

அழத் தொடங்கினான்

பதினாலாம் மாதம். மேற்றன் கோபமாக என்னைக் கூப்பிட்டார். "மிஸ், நீங்க வந்து பிள்ளையைப் பழுதாக்கிட்டீங்க. இப்ப ஒரே அழுகை. அந்த அக்கா வாசலுக்குப் போனாலும் அழுறான், புது ஆள் வந்தாலும் அழுறான், ராவும் அழுறான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நிகழ்வில் எந்த இடத்தில் நிலைமை திரும்பியது என்று கேட்டால் அந்தப் போன்தான் என்பேன். ஆனால் மேற்றனுக்கு அது பின்னடைவாகவே பட்டது, அவரைக் குறை சொல்லவும் முடியாது, அழுகை குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது என்பதுதான் எல்லா வீட்டிலும் எல்லா இல்லத்திலும் இருக்கிற கணக்கு. மூன்று நாள் தொடர்ந்து போய் அவரோடு உட்கார்ந்து ஒரே விஷயத்தைத்தான் பார்க்கச் சொன்னேன்: அக்கா திரும்பி வந்ததும் என்ன செய்கிறான்? தவழ்ந்து வந்து அவருடைய காலைப் பிடித்தான், தூக்கியதும் தோளில் தலையை வைத்தான், இரண்டு மூன்று நிமிடத்தில் அழுகை நின்றது. "ஓ, இவனுக்கு ஆள் விளங்குது" என்று மேற்றனே சொன்னார்.

பால் அதேதான், சோறும் பருப்பும் அதேதான், ஆனால் மடியில் வைத்துக் கொடுத்ததில் முழுப் போத்தலும் உள்ளே போனது. இரும்புச்சத்து மருந்தும் சேர்ந்து, பதினைந்தாம் மாதம் 8.6 கிலோ. மிட்வைஃப் மிஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுடைய மனசு நல்லது, அந்தச் சாப்பாட்டைப் பெரிய பிள்ளைகள் எதிர்பார்த்திருக்கவும் செய்கிறார்கள். ஆனால் குழந்தைகளின் அறைக்குள் போகாதீர்கள், கையிலிருந்து கைக்கு மாற்றித் தூக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அந்த இல்லத்தில் இப்போது அந்த அறைக் கதவில் மூன்று மொழியிலும் அறிவித்தல் இருக்கிறது. அதைக் கண்டு கோபித்துக்கொண்டு போன குடும்பமும் உண்டு. கொடுக்க நினைத்தால் ஒரு அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுங்கள், மூன்று பேர் இருக்கிற இடத்தில் நாலாவது ஆள் வந்தால் எத்தனை மடி கூடும் என்று யோசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்க்க வர வசதியில்லாத தாய்மாருக்குப் பஸ் காசைக் கொடுங்கள். எங்கேயாவது ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள், அதற்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பெரியம்மா

அம்மாவைத் தேடிப் பிடிக்கப் பல போன்கள் தேவைப்பட்டன. சுகமாகித் தோட்டத்துக்கே திரும்பியிருந்தார், மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தமிழில் ஒருவர் பிள்ளையைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை என்றார். பிள்ளை பிறந்ததையே வீட்டுக்குச் சொல்லியிருக்கவில்லை, வெட்கம், பயம். மூன்றாவது தடவை கதைத்தபோதுதான், "அக்கா ஒருத்தி மட்டக்குளியில இருக்கா, அவகிட்ட நீங்களே சொல்லுங்க மிஸ், எனக்கு வாய் வராது" என்றார்.

பெரியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை வேலை. அவர்கள் இருந்தது ஒரு தோட்டத்தில், கொழும்பில் நாங்கள் தோட்டம் என்று சொல்கிற, சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை. ஒன்றரை அறை. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு வந்திருப்பனே மிஸ், ஒன்றரை வருஷம் என் தங்கச்சி பிள்ளை யாரோ வீட்டுத் தொட்டில்லயா கெடந்துச்சு" என்று அழுதார்.

ஒன்றரை அறை போதாது, இல்லத்தில் காற்றாடி இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, டொக்டர் வருகிறார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் எதிர்த்துக் கதைத்தேன். ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, எல்லோரையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் முன்னேறினார்கள், அதிலும் பாசப் பிணைப்பு விஷயத்தில் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்பச் சூழலே வேண்டும் என்கிறது. இலங்கைக்கென்று 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையும் குடும்பத்தைத்தான் முன்னால் வைக்கிறது. தம்பிக்கு அப்போது பதினெட்டு மாதம். எங்களிடம் இருந்தது ஆறு மாதம்.

வீட்டுப் பார்வை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், நன்னடத்தை அறிக்கை, வழக்குத் தவணைகள். அதை விரித்து எழுதத் தேவையில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் பிள்ளையைத் தகுதியான ஒருவரின் பொறுப்பில் விட நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது, அந்த வழியில்தான் போனோம். கட்டளைக்குக் காத்திருக்கிற நாட்களை வீணாக்காமல், பெரியம்மாவை ஒவ்வொரு ஞாயிறும் இல்லத்துக்கு வரச் சொன்னோம்.

முதல் ஞாயிறு அவரைக் கண்டதும் தம்பி கத்திய கத்தலில் பாவம் அவர் வாசலுக்கே போய்விட்டார். அவருக்கும் விளங்கப்படுத்தினேன், அழுவது நல்லது, அவசரப்படாதீர்கள் என்று. முதல் இரண்டு ஞாயிறும் களுத்துறை அக்காவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே கதைத்தார்கள். மூன்றாவது ஞாயிறு அக்காவின் மடியில் அவன் இருக்க, பெரியம்மா பிசைந்த சோறு ஊட்டினார். பிறகு குளிப்பாட்டினார், அக்கா பக்கத்தில் நின்று, முதலில் பாதத்தில் தண்ணீர் என்று செய்து காட்டினார். பிறகு கடைத்தெரு வரை தூக்கிக்கொண்டு போய் வந்தார். அப்புறம் மட்டக்குளிக்கு ஒரு பகல், அக்காவும் கூடப் போனார். அப்புறம் ஒரு இரவு. எல்லாமாக ஒன்பது கிழமை. பெரியம்மா வீட்டில் தம்பிக்கு அம்மாவின் படத்தைக் காட்டி "அம்மா" என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னேன், தன்னைப் 'பெரியம்மா' என்றே கூப்பிட வைக்கச் சொன்னேன், பிள்ளைக்கு உண்மை முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

இருபத்தொரு மாதத்தில் போனான். அக்காவே அவனுக்கு உடுப்புப் போட்டு, அவரே பெரியம்மாவின் கையில் கொடுத்தார். அவருடைய பழைய சீத்தைத் துணி ஒன்றையும் கழுவாமல் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன், வாசம் போகாமல் இருக்க. இல்லத்தில் எடுத்த படங்களை ஒரு சின்ன அல்பமாகக் கட்டிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அக்கா போய்ப் பார்த்தார், பிறகு வாராவாரம்.

முதல் இரண்டு கிழமை கடினம். இரவில் தலையாட்டல் திரும்ப வந்தது, ஒன்றரை அறையில் ஐந்து பேரும் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள், பெரியம்மா ஒரு நாள் விடிய நாலு மணிக்கு எனக்குப் போன் எடுத்து "என்னால ஏலாது மிஸ்" என்றார். அன்று காலை ஏழு மணிக்கு நான் போய் மூன்று மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், அவர் தூங்கினார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது தூக்கம்தான்.

கடைசியாக நான் பார்த்தபோது அவனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். ஓடுகிறான். முப்பது சொல் வரை சொல்கிறான், அந்த வயசுக்குக் குறைவு, பேச்சுக் கிளினிக்குக்குப் போகிறார்கள். தெரியாதவர்களோடு சில நேரம் தேவைக்கு மேல் ஒட்டிக்கொள்கிறான், அது எனக்கு இன்னும் கவலை. பெரியம்மாவைப் 'பெம்மா' என்கிறான். தண்ணீருக்கு மட்டும் களுத்துறை அக்கா சொல்லிக்கொடுத்த 'வதுர'தான், இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருமே வதுர என்றுதான் தண்ணீர் கேட்கிறார்கள். அம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறார். வந்தால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம், தூக்க இன்னும் பயம். அவரோடான வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அவன் போன அன்று பின்னேரம் களுத்துறை அக்கா மேற்றனிடம் போய், ஒரு கிழமைக்குத் தனக்குப் புதுப் பிள்ளை தரவேண்டாம், மற்ற இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த வாரத்து டியூட்டி லிஸ்டை நான் பார்த்தேன். அவருடைய பெயருக்கு எதிரே இரண்டு பெயர்கள் எழுதி, மூன்றாவது இடத்தை மேற்றன் ஏழு நாளுக்கும் வெறுமையாக விட்டிருந்தார்.